மூடி தானாகத் திறக்காது

பிப்ரவரி 3, செவ்வாய்

மூணு நாளில் பதினோரு நிமிஷத்துக்குத்தான் தமிழ் போட்டிருக்கிறேன். பிரதீபா காலையிலேயே போன். "அக்கா, இந்த ஸ்பீடுல போனா அடுத்த பொங்கலுக்குத்தான் ரிலீஸ்." அவளுடையது ஜப்பானிய கேம்களுக்குத் தமிழில் வசனம் போடுகிற சின்னக் கம்பெனி, சென்னையில். ஏழு பேர். இது பேய் கேம். எனக்குப் பேய் என்றால் சின்ன வயசிலிருந்தே கொட்டாவிதான் வரும், அதனால் ஒப்புக்கொண்டேன். சும்மா உட்கார்ந்திருந்தால் அம்மா என் தலையில் கை வைத்து ஜெபம் பண்ண ஆரம்பித்துவிடுகிறாள்.

ஆறு வருஷமாகக் காலை ஆறே காலுக்குக் கம்பெனி பஸ், மறைமலைநகர், கார் பார்ட்ஸ் ஃபேக்டரி. ஜப்பான்காரர்கள் சொல்வதைத் தமிழில் சொல்வேன். நம் ஆட்கள் திட்டுவதை ஜப்பானியத்தில் மரியாதையாகச் சொல்வேன். இப்போது லீவு. ரெண்டு வாரம் முடிந்துவிட்டது. எத்தனை நாள் லீவு என்று அம்மா கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

திரையில் ரெண்டு வரிதான். வரிக்கு முப்பத்தாறு எழுத்து. தாண்டினால் பிரதீபா சிவப்புக் கட்டம் போட்டுத் திருப்பி அனுப்புவாள். ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. சுருக்குவதில் என்னை அடிச்சுக்க ஆள் கிடையாது.

அம்மா பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். "இன்னாடி இது, எப்பப் பாரு புகையாவே கீது?"

"பாதாளத்துப் புகைம்மா."

"ஏசப்பா" என்று சொல்லிக்கொண்டே அடுப்படிக்குப் போய்விட்டாள்.

பிப்ரவரி 5, வியாழன்

கதை இதுதான். மலை நடுவில் ஒரு கிராமம். கோயிலுக்குப் பின்னால் தண்ணீர் வற்றிய கிணறு, கிணற்றுக்குள் கல் படி. படி முடிகிற இடத்தில் செத்தவர்களின் உலகம். கிணற்று மூடி திறந்துகொள்கிறது. கீழேயிருந்து கறுப்பாக ஒன்று ஏறி வருகிறது. பார்க்கப் புகை, ஆனால் மேலே எழும்பாது. தரையோடு தரையாக வந்து, வாசற்படி தாண்டி, பாய்க்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். ஜப்பானியத்தில் 'ஷோக்கி' என்பார்கள். பட்டவர்கள் உடனே சாவதில்லை. ஆள் கெட்டுப்போகிறார்கள். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது.

சியோ என்று ஒரு பெண். அக்காவைத் தேடி, ஒரு விளக்கும் ஒரு பை உப்புமாக இறங்குகிறாள். உப்பைப் போட்டால் அந்தக் காற்று கொஞ்சம் விலகும். அவளாக இறங்க மாட்டாள். நாம் பொத்தானை அமுக்கினால்தான் இறங்குவாள்.

ஷோக்கிக்குத் தமிழ் என்ன? பிரதீபா யோசிக்கவே இல்லை. "விஷவாயுன்னு போட்டுடுங்கக்கா, எல்லாருக்கும் புரியும்."

டைப் பண்ணிவிட்டுக் கால் மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜனவரி இருபதாம் தேதி பேப்பரில் அந்த வார்த்தைக்குக் கீழே எங்கள் ஃபேக்டரி ஆனந்தனின் போட்டோ இருந்தது. ஆதார் கார்டு போட்டோ. அதில் அவன் அவனாகவே இல்லை. வார்த்தையை அழித்துவிட்டு 'கருங்காற்று' என்று போட்டேன்.

பிப்ரவரி 6, வெள்ளி

சாப்பிட்டேன். தூங்கினேன். நாற்பது வரி.

பிப்ரவரி 9, திங்கள்

வரதன் சார் போன் பண்ணினார். ஃபேக்டரி சேஃப்டி ஆபீசர். ஆனந்தன் சாவு பற்றி மார்ச் 12 செங்கல்பட்டில் விசாரணையாம், என்னையும் கூப்பிடுவார்களாம். அதற்கு முன்னால் ஒரு லெட்டர் வேண்டுமாம். பத்தொன்பதாம் தேதி காலை மீட்டிங்கில் ஜப்பானிய மேனேஜர் மொரிதா-சான் சொன்ன பாதுகாப்பு விதிகள் அத்தனையையும் தொழிலாளர்களுக்குத் தமிழில் முழுமையாகச் சொன்னேன் என்று.

"அவ்ளோதான் மேடம். மீட்டிங் ரிஜிஸ்டர்ல உங்க கையெழுத்து ஏற்கெனவே கீது. இது சும்மா ஒரு ஃபார்மாலிட்டி."

"அப்போ ஆனந்தன்?"

"விதியை மீறி எறங்கிட்டாருன்னு வரும். வேற எப்படி எழுதுறது? நீங்களும் சேஃப், நாங்களும் சேஃப். அவரு திரும்பி வந்து மறுத்துப் பேசப்போறாரா?"

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்கவில்லை. சியோவை மூணாவது படிக்கட்டு வரை இறக்கினேன்.

பிப்ரவரி 12, வியாழன்

லீவை நீட்டிக்க ஃபேக்டரிக்குப் போக வேண்டியிருந்தது. கழிவுநீர்த் தொட்டிப் பக்கம் போகக் கூடாது என்றுதான் நினைத்தேன். கால் போய்விட்டது. மூடி போட்டு, மஞ்சள் டேப் சுற்றியிருக்கிறது. மூடியின் ரெண்டு பக்கமும் சின்னச் சின்னதாக உப்புக் குவியல். மொரிதா-சான் வைத்தது. அவர்கள் ஊரில் சாவு நடந்த இடத்தில் அப்படிச் செய்வார்கள். அறுபத்துமூணு வயது மனுஷன், குட்டைக் கை சட்டையோடு வெயிலில் குனிந்து, விரலால் கூம்பு பிடித்து வைத்திருக்கிறார்.

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஹவுஸ்கீப்பிங் அக்கா துடைப்பத்தோடு வந்தது. "எவனோ சூனியம் வெச்சிட்டுப் போயிகீறான் மேடம். தெனம் வெக்கிறான், தெனம் நானும் பெருக்கிகினே கீறேன். கம்பெனி வெளங்குமா?"

யார் வைத்தது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பெருக்கி முடித்துவிட்டது. சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

பிப்ரவரி 14, சனி

கிராமத்து வைத்தியரின் குறிப்பேடு ஒன்று கேமில் கிடைக்கிறது. கருங்காற்று பட்டவர்களின் அறிகுறிகள். முதலில் சோற்றில் ருசி போகும். அடுத்து, மற்றவர்கள் சிரித்து முடித்தபிறகு சிரிப்பார்கள். அப்புறம் வீட்டில் சாவு விழுந்தாலும் அழ மாட்டார்கள். கடைசியில் யாரும் தள்ளாமலே கிணற்றுக்குப் போய்த் தாங்களாகவே இறங்குவார்கள்.

நல்ல எழுத்து. ஒரே வாக்கியமாகச் சுருக்கிவிட்டேன்.

பிப்ரவரி 18, சாம்பல் புதன்

அம்மா சர்ச்சுக்குக் கூப்பிட்டாள், போகவில்லை. இதை இங்கேயாவது எழுதித் தொலைக்கிறேன்.

பொங்கல் லீவு முடிந்து முதல் நாள். ஏழே முக்கால் மீட்டிங். ஒப்பந்தத் தொழிலாளர்கள் பதினெட்டுப் பேர் நின்றார்கள். கேன்டீனில் எட்டு மணிக்கு மேல் நாஸ்தா இருக்காது. மொரிதா-சான் தொட்டியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அஞ்சு நாள் மூடிக் கிடந்தது, அடியில் வாயு சேர்ந்திருக்கும் என்று. அந்த மனுஷன் எதையும் மூணு தடவை சொல்வார், எல்லோரும் கால் மாற்றி மாற்றி நின்றார்கள். முன்வரிசையில் ஆனந்தன். என்னைப் பார்த்து வயிற்றைத் தடவிக் காட்டி, மெதுவாக, "சீக்கிரம் மேடம், பொங்கல் தீந்துடும்" என்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

நான் சொன்னது இது: "தொட்டி மூடியைத் தொறந்து வெச்சு, கொஞ்ச நேரம் காத்து போனப்புறம் எறங்குங்க. ஜாக்கிரதை. அவ்ளோதான், போய் சாப்டுங்க."

அவர் சொன்னதில் ஏழு விஷயம் இருந்தது. நான் சொன்னது ஒன்று. அதுவும் தப்பு. திறந்து வைத்தால் மட்டும் போதாது என்றுதான் அவர் ஆரம்பித்ததே. மூக்கை நம்பாதீர்கள் என்று சொன்னார். நான் சொல்லவில்லை. ஒருநாளும் முழுசாகச் சொன்னதில்லை நான், யாரும் கேட்டதும் இல்லை. நல்லா சுருக்கமா சொல்றீங்க மேடம் என்றுதான் பாராட்டுவார்கள்.

எட்டே முக்காலுக்குப் பம்பில் சேறு அடைத்திருக்கிறது. மூடியைத் திறந்து கொஞ்ச நேரம் நின்றார்களாம். ஆனந்தன் குனிந்து மோந்து பார்த்து, "நாத்தம் போயிட்சு" என்று சொல்லி ஏணியில் கால் வைத்தானாம். கூட நின்றவன் சொன்னது. நாலாவது படியில் கை விட்டுவிட்டது.

மறுநாள் மொரிதா-சான் வாயு மீட்டரைக் கேட்டார். தீபாவளியிலிருந்தே பேட்டரி இல்லை என்றார் ஸ்டோர்காரர். காற்றடிக்கிற மிஷின் பூட்டிய அறையில். அதை மட்டும் ஒரு வார்த்தை விடாமல் மொழிபெயர்த்தேன்.

நான் கொன்னுட்டேனா? தெரியல. அழுகை வருதான்னு பாத்தேன். வரல.

பிப்ரவரி 21, சனி

பானுமதி போன். ஆனந்தனின் மனைவி. நம்பரை யாரிடம் வாங்கினாளோ.

"மேடம், ஒரே ஒரு தபா அந்த எடத்துல கற்பூரம் ஏத்தி அவரைக் கூப்ட்டுகினு வரணும். இல்லன்னா அங்கயே சுத்திகினு இருப்பாருன்னு அத்தை அழுவுது. கேட்டுல வுட மாட்றாங்க. ஜப்பான்காரரு கிட்ட நீங்க சொன்னா நடக்கும்ன்றாங்க."

மொரிதா-சானிடம் கேட்டேன். உடனே சரி என்றார். வரதன் சார் மாட்டேன் என்றார். அந்த இடத்தில் நெருப்பு கூடாதாம். "சேஃப்டி மேடம்" என்றார். ஜனவரி பத்தொன்பதாம் தேதி இந்த மனுஷன் எனக்குப் பக்கத்தில்தான் நின்றார். தமிழும் தெரியும், விதியும் தெரியும். நான் சுருக்கியதைக் கேட்டுவிட்டு ரிஜிஸ்டரை நீட்டினார்.

பிப்ரவரி 22, ஞாயிறு

கேட்டுக்கு வெளியே, லாரி போகிற ரோட்டோரத்தில் ஏற்றினார்களாம். மூணு தடவை அணைந்ததாம்.

பிப்ரவரி 25, புதன்

போனேன். ஆனந்தன் வீட்டுக்கு. மாமல்லபுரத்தில் பஸ் மாறி, நெம்மேலி தாண்டி இறங்கி, மணலில் நடந்து. போகும்போது சொல்லிவிடுவது என்றுதான் போனேன்.

வீட்டுக்கு எதிரில் வலையைக் காயப்போட்டிருந்தார்கள். ஆனந்தனின் அம்மா ஆதியம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. "அந்தத் தொட்டியில ஒரு கெட்ட காத்து கீதும்மா. பூமிக்கு அடியில இருந்து ஏறி எம்புள்ள மேல அட்ச்சிட்சு. யாரு இன்னா பண்ண முடியும்?" அவன் செத்த மறுநாள் முழுக்க ஒரு போட் கூடக் கடலில் இறங்கவில்லையாம், அந்தக் காற்று ஒட்டிக்கொண்டு வந்திருக்கும் என்று. வீட்டை ரெண்டு முறை மஞ்சத்தண்ணி விட்டுக் கழுவினார்களாம்.

கேட்கக் கேட்க எனக்கு இதமாக இருந்தது. அதுதான் அசிங்கம். கெட்ட காற்று வந்தது, அடித்தது, போயிற்று. அந்தக் காற்று எந்த ரிஜிஸ்டரிலும் கையெழுத்துப் போடவில்லை.

பானுமதி மட்டும் நம்பவில்லை. வெளியே வழியனுப்ப வந்தபோது கேட்டாள். "குட்ச்சிட்டு எறங்கிட்டான்னு ஊரு பூரா பேச்சு மேடம். எம்பொண்ணை ஸ்கூல்லயே கேக்குறாங்க. அவரு பயந்தாங்குளி. கடலுக்கு பயந்துகினுதான் கம்பெனிக்கே வந்தாரு. அப்டியாப்பட்ட மனுசன் எப்டி எறங்குனாரு? அது மட்டும் எனக்குத் தெரியணும்."

எனக்குத் தெரியும். நாக்கு நுனி வரை வந்தது. "விசாரணையில தெரியும்" என்றேன். பஸ் வந்தது. ஏறிவிட்டேன்.

பிப்ரவரி 26, வியாழன்

தூ.

மார்ச் 1, ஞாயிறு

கடைசிப் பகுதி. சியோ அடிவரை போய்விட்டாள். அக்கா அங்கே இருக்கிறாள், ஆனால் அக்காவாக இல்லை. கோயில் பூசாரியின் ஏடு கிடைக்கிறது. எல்லா மர்மமும் அதில்தான் என்று நானும் வேகவேகமாகப் படித்தேன். "கிணற்று மூடி தானாகத் திறந்தது. யார் மீதும் பிழையில்லை." முடிந்தது கதை.

இன்னா கதை இது? நானூறு பேர் கெட்டுப்போன ஊர். மூடி தானா தொறந்துச்சாம். நாலு பேர் தூக்கினாலே அசையாத கல் மூடின்னு முதல் காட்சியில அவங்களே காட்டுறாங்க. யாரோ தொறந்தான். யாரோ பாத்துகினு நின்னான். யாரோ சொல்ல வேண்டியதைச் சொல்லாம சோத்துக்குப் போனான். அவங்க பேரெல்லாம் எங்க?

தமிழில் "மூடி தானாகத் திறக்காது" என்று போட்டு அனுப்பிவிட்டேன். அரை மணியில் பிரதீபா. "அக்கா, அர்த்தமே மாறுது, க்ளையன்ட் செருப்பாலடிப்பான். உங்களுக்கு இன்னா ஆச்சு?" மாற்றிக் கொடுத்தேன். ஆறு வருஷத்தில் நான் ஒரு வாக்கியத்தை எதிர்த்துச் சொன்னது அதுதான் முதல் தடவை. அதுவும் பொம்மைக்கு.

மார்ச் 2, திங்கள்

மாசி மகத்துக்குக் கடற்கரைக்குப் போகும் கூட்டம், பஸ்ஸெல்லாம் நிரம்பி வழிகிறது. நான் எங்கும் போகவில்லை.

மார்ச் 9, திங்கள்

வரதன் சார் லெட்டரை அவரே டைப் அடித்து ஆள் மூலம் அனுப்பிவிட்டார். நல்ல தமிழ். 'முழுமையாகவும் தெளிவாகவும்' என்று ரெண்டு இடத்தில் வருகிறது. பேனாவைக்கூடக் கவரில் போட்டு அனுப்பியிருக்கிறார்.

அம்மா படித்துக்காட்டச் சொன்னாள். படித்தேன். அப்புறம் எல்லாவற்றையும் சொன்னேன், வயிற்றைத் தடவிக் காட்டியது உட்பட. திட்டுவாள் என்று நினைத்தேன். கையிலிருந்த வெங்காயத்தை உரித்து முடித்தாள்.

"ஏரி மதகு அடைச்சுகிச்சுன்னா எங்கப்பாவைத்தான் கூப்டுவாங்க. 'எறங்குடா'ம்பாங்க. சொன்னவன் ஒருத்தனும் எறங்கி நான் பாக்கல. எங்கப்பா ஒரு காது செவிடாயிதான் கரையேறுனாரு. நான்தான் எறக்குனேன்னு ஒருத்தன் வந்து சொல்லல."

இறங்குகிறவர்கள் வீட்டில் பிறந்து, படித்து, இங்கிலீஷ் ஜப்பானியம் எல்லாம் பேசி, இறங்கச் சொல்கிறவர்கள் பக்கம் போய் நின்றிருக்கிறேன். நின்றதுகூட எனக்குத் தெரியவில்லை.

லெட்டரை மடித்துக் கவரிலேயே வைத்துவிட்டேன். கையெழுத்துப் போடவில்லை.

மார்ச் 12, வியாழன்

சொல்லிவிட்டேன்.

அதிகாரி நல்ல மாதிரிதான். சுருக்கமாகச் சொல்லும்மா என்றார், வெளியே நிறையப் பேர் காத்திருந்தார்கள். முடியாது சார், முழுசாத்தான் சொல்லணும் என்றேன். மொரிதா-சான் சொன்னது, நான் சொன்னது, நான் விட்டது. மீட்டர் பேட்டரி. பூட்டிய அறை. பக்கத்தில் நின்ற வரதன் சார். ஆனந்தன் குடித்திருக்கவில்லை, காலையில் என் முன்னால் நின்றவன், பசியோடு இருந்தான், அவ்வளவுதான் என்றேன்.

கம்பெனி வக்கீல் எழுந்தார். "அப்போ தப்பு உங்களோடதுதானே?"

"என்னோடதும்" என்றேன். அவர் அதை "என்னோடது" என்று எழுதச் சொன்னார். இல்லை, 'உம்' உண்டு என்று டைப்பிஸ்ட்டிடம் போய்ச் சொல்லி, அடித்ததைப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.

வரதன் சார் என்னைப் பார்க்கவே இல்லை. மொரிதா-சானுக்கு யாரும் மொழிபெயர்க்கவில்லை. புரியாமல் உட்கார்ந்திருந்தார். வெளியே வந்தபின் அவருக்கு நானே ஜப்பானியத்தில் சொன்னேன், உங்கள் வார்த்தைகளை நான் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை என்று. மனுஷன் சுவரைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

பானுமதியை உள்ளே விடவில்லை. மரத்தடியில் மச்சினனோடு நின்றிருந்தாள். கிட்டே போகத் தைரியம் வரவில்லை. அவளுடைய வக்கீல் குனிந்து அவளிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார், அவள் நிமிர்ந்து என்னைத் தேடினாள். நான் ஷேர் ஆட்டோவில் ஏறிவிட்டேன்.

மார்ச் 13, வெள்ளி

கம்பெனியிலிருந்து மெயில். திங்கள் முதல் வர வேண்டாம்.

மார்ச் 15, ஞாயிறு

அம்மா சர்ச்சுக்குப் போயிருந்தாள். பத்தரை மணிக்குக் கதவு தட்டும் சத்தம். பானுமதி. தனியாக வந்திருந்தாள், நெம்மேலியிலிருந்து ரெண்டு பஸ். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. தண்ணீர் கொடுத்தேன், வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நல்லா இருந்திருக்கும்.

"வக்கீல் சொன்னாரு. குட்ச்சிட்டு எறங்குனாருன்னு இனிமே எழுத முடியாதாம். ஊர்ல நானே நாலு பேரை நிக்க வெச்சி சொல்லிட்டேன்."

டம்ளரை இன்னும் தள்ளி வைத்தாள்.

"நீ என் வூட்டுக்கு வந்த. என் அத்தை உன் கையைப் புட்ச்சுகினு அழுதுச்சு. அப்பவும் வாயைத் தொறக்கல." மேடம் போய் நீ வந்திருந்தது. சரிதான்.

"தப்புதான்" என்றேன்.

"அத்த வுடு. அன்னிக்கு அந்த ஜப்பான்காரரு இன்னா சொன்னாரு? நீ வுட்டதைச் சொல்லு. முழுசா சொல்லு." இடுப்பிலிருந்து போனை எடுத்தாள். "மச்சினன் இப்போ ரிசார்ட்டுல செப்டிக் டேங்க் வேலைக்குப் போறான். அவனுக்கும் கூடப் போற பசங்களுக்கும் போட்டுக் காட்டணும்." ரெக்கார்ட் பட்டனை அமுக்கி என் வாய்க்கு நேராக நீட்டினாள்.

சொன்னேன். ஆனந்தனுக்கு எப்படிச் சொல்லியிருக்க வேண்டுமோ அப்படி.

"மூடியைத் தொறந்து வெச்சா மட்டும் போதாது, அடியில தங்குற வாயு தானா மேல வராது. காத்தடிக்கிற மிஷினை அரை மணி நேரம் போடணும். மீட்டரைக் கயித்துல கட்டி மேல, நடுவுல, அடியில மூணு எடத்துலயும் பாக்கணும். மூக்கை நம்பாதீங்க. நாத்தம் வந்து நின்னுட்சுன்னா வாயு போயிட்சுன்னு அர்த்தம் இல்ல, மூக்கு மரத்துப் போயிட்சுன்னு அர்த்தம். மீட்டர் இல்லன்னா யாரு சொன்னாலும் எறங்காதீங்க. எறங்குறவன் இடுப்புல கயிறு இருக்கணும், மேல ஒருத்தன் அதைப் புட்ச்சுகினு நிக்கணும். உள்ள ஒருத்தன் வுழுந்துட்டா, தூக்கறேன்னு இன்னொருத்தன் எறங்காதீங்க."

நிறுத்தினாள். சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று காதில் வைத்து முழுசையும் கேட்டாள். 'மூக்கை நம்பாதீங்க' வந்த இடத்தில் கண்ணை மூடிக்கொண்டாள். முடிந்ததும் போனைக் கீழே இறக்கித் திரையைப் பார்த்தாள். எனக்கும் காட்டினாள். நாற்பத்தோரு செகண்ட்.

"இவ்ளோதானா?" என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன்.